உப்பு ஏரியில் தண்ணீர் குறைந்தால் குன்னூரில் ஆர்ட்டீமியா விலை ஏன் ஏறுகிறது?

ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் ஒரு குட்டி உயிர்; அதன் காய்ந்த முட்டையைப் பொரித்து மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் இரையாகக் கொடுப்போம். அவலாஞ்சி டிரவுட் பண்ணைக்கு அது தேவையில்லை. மரக்காணம் பக்கம் இருக்கும் ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்தால் அது இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து தொட்டி வைத்து ஏஞ்சல் மீன் வளர்க்கும் என்னைப் போன்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். "ஸ்டாக் இல்லை, வந்தாலும் விலை ஏறித்தான் வரும்" என்று கடைக்காரர் கையை விரிக்கும்போது அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவருக்குச் சரக்கு அனுப்பும் கோயம்புத்தூர்க்காரரிடமோ கொளத்தூர்க்காரரிடமோ போட்டாலும் பயனில்லை. பெரும்பாலும் காரணம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஒரு ஏரி. புதிதாக மீன் வளர்க்க வந்தவர்களுக்காக அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டிரவுட்டைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நம்ம ஊர் மீன். 1907-ல் எச்.சி. வில்சன் ஏற்பாட்டில் அவலாஞ்சியில் தொடங்கிய பொரிப்பகம் அது. டிரவுட் முட்டை ஒன்று 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். கண்ணாடி போடாமலே நன்றாகத் தெரியும். பொரித்து வரும் குஞ்சின் வயிற்றோடு ஒரு மஞ்சள்கருப் பை தொங்கும். குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வாரக்கணக்கில் அதை வைத்தே காலம் தள்ளும். பை வற்றி, மேலே நீந்தி வந்து வாய் திறக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் நீளம் வந்திருக்கும், குடலும் தேறியிருக்கும். நைசாகப் பொடித்த தீவனத்தைத் தூவினால் தின்னப் பழகிவிடும்.

வெனாமி இறாலுக்கு அந்த வசதி இல்லை. தாய் இறால் ஒரே இரவில் லட்சம் முட்டைக்கு மேல் விடும், ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்கும் சிறியது. அத்தனை சின்ன முட்டைக்குள் எவ்வளவு சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட முடியும்? இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் நுண்பாசி தின்று ஒரு கட்டத்தைத் தாண்டும். அடுத்து மைசிஸ் என்கிற பருவம் வரும்போது பாசி மட்டும் போதாது, அசையும் இரை வேண்டும். கொடுவா மீன் குஞ்சுக்கும் இதே கதைதான்: முதலில் ரோட்டிஃபர் என்கிற இன்னும் சின்ன உயிர், சில நாள் கழித்து ஆர்ட்டீமியா. நம் தொட்டியில் ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி எல்லாம் இந்தச் சாதிதான். கப்பி குஞ்சு மட்டும் பிறக்கும்போதே பெரிதாக இருப்பதால் தூள் தீவனத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் ஆர்ட்டீமியா கொடுத்த கப்பியையும் கொடுக்காத கப்பியையும் ஒரு மாதம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் தூளுக்குத் திரும்புவதில்லை.

தூள் தீவனத்தில் என்ன குறை என்று கேட்கலாம். அது அசையாது; பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு அசையாத பொருள் சாப்பிடும் பொருளாகவே தெரிவதில்லை. தின்னாமல் விட்டது அடியில் படிந்து தண்ணீரைக் கெடுக்கும். குஞ்சின் குடலில் செரிமானச் சுரப்பும் அப்போது முழுதாக வந்திருக்காது. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில், துடித்துத் துடித்து நீந்தும். உடம்பு மென்மை, வயிறு நிறைய மஞ்சள்கரு. 1933-ல் அமெரிக்காவில் சீல் என்பவரும் 1939-ல் நார்வேயில் ரோலஃப்சன் என்பவரும் இதை மீன் குஞ்சுக்குக் கொடுக்கலாம் என்று எழுதியதிலிருந்து உலகம் முழுக்க பொரிப்பகங்கள் இதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் சத்து மட்டும் காரணம் இல்லை. சத்தான உயிர் இரை வேறு பல உண்டு. ரோட்டிஃபரும் கோப்பிபாடு என்கிற நுண்ணிய நீர் உயிரும் நல்ல இரைதான், ஆனால் அதை வளர்க்கத் தனித் தொட்டி வேண்டும், அதற்குத் தீனியாகப் பாசி வளர்க்க இன்னொரு தொட்டி வேண்டும், ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் செத்துவிடும். ஆர்ட்டீமியா மட்டும்தான் காய்ந்த முட்டையாக டின்னில் அடைபட்டு அலமாரியில் காத்திருக்கும். நாளைக்கு இரை வேண்டுமென்றால் இன்றைக்கு உப்புத் தண்ணீரில் போட்டால் போதும்.

இந்தக் காத்திருப்பு எப்படி நடக்கிறது என்று நீலகிரிக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். 1961-ல் நம் மாவட்டத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. நிலத்தில் கிழங்கே போடாமல் பல வருடம் விட்டாலும் அந்தப் புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் உயிரோடு கிடக்கும். மறுபடி கிழங்கு நட்டு, வேரின் சாறு மண்ணில் கசிந்தால்தான் விழிக்கும். ஆர்ட்டீமியா முட்டைக்குள்ளும் அப்படித்தான் ஒரு கரு பாதி வளர்ந்த நிலையில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் கிடக்கிறது. டிரெஹலோஸ் என்கிற ஒரு வகைச் சர்க்கரை, தண்ணீர் வற்றிய அந்தக் கருவின் உள்ளமைப்பைச் சிதையாமல் காக்கிறது. அப்பல்லோ 16, 17 விண்கலங்களில் இந்த முட்டைகளை வைத்து அனுப்பி, விண்வெளிக் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுக்குக் கெட்டியான உயிர். ஈரம் மட்டும் அதற்கு ஆகாது. குன்னூர் மழைக்காலத்தோடு அதற்கு என்ன பகை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு ஏரி, ஒரு பருவம்

ஆர்ட்டீமியா வாழ்வது கடலைவிட உப்பு அதிகமான தண்ணீரில். கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம். ஆர்ட்டீமியாவுக்குக் கடல் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும், ஆனால் அங்கே மீன் இருக்கிறது, தின்று தீர்த்துவிடும். ஓடி ஒளிய இதற்குத் தெரியாது, கடிக்கவும் தெரியாது. மீன் வாழ முடியாத உப்பில் தான் வாழ்வது ஒன்றுதான் அதன் பாதுகாப்பு. ஆகவே உப்பளங்களிலும் உள்நாட்டு உப்பு ஏரிகளிலும் மட்டும் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கிறது.

அதற்கு இரண்டு விதமாகப் பெருகத் தெரியும். தண்ணீரில் பாசி நிறைய, உப்பு அளவு, ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருந்தால் தாய் நேராகக் குஞ்சு போடும். நிலைமை மோசமாகிறது, உப்பு ஏறுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, குளிர் வருகிறது என்றால் குஞ்சு போடுவதை நிறுத்திவிட்டு ஓடு கட்டிய முட்டையைப் போடும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதாவது, ஏரியில் ஆர்ட்டீமியா முதலில் நன்றாக வாழ்ந்து பெருக வேண்டும், அப்புறம் சரியான நேரத்தில் அதற்குக் கஷ்டகாலம் வர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் அறுவடை இல்லை.

யூட்டாவின் கிரேட் சால்ட் லேக்கில் இந்த இரண்டும் இயற்கையாக அமைந்திருக்கின்றன. கோடையில் கூட்டம் பெருகும், இலையுதிர்காலக் குளிரில் முட்டையாகக் கொட்டும். முட்டைகள் மிதந்து, காற்றில் ஒதுங்கி, பழுப்புச் சிவப்பில் நீண்ட கோடுகளாக ஏரியின் மேல் கிடக்கும். கரையிலிருந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது என்பதால் சின்ன விமானத்தில் சுற்றிக் கோடு எங்கே என்று பார்த்துப் படகுக்குச் சொல்வார்கள். கடலில் எண்ணெய் கொட்டினால் சுற்றி வளைக்கப் போடும் மிதவை வேலியை இங்கே முட்டையைச் சுற்றிப் போட்டு, பம்பு வைத்து உறிஞ்சிப் பைகளில் நிரப்புவார்கள். பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கி ஜனவரி 31-ல் முடியும். அதற்குள்ளும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் 21 முட்டை என்ற அளவுக்குக் குறைந்துவிட்டால் அறுவடையை நிறுத்திவிட வேண்டும். அடுத்த வசந்தத்தில் ஏரியில் மறுபடி கூட்டம் உண்டாக அவ்வளவாவது மிஞ்ச வேண்டும், அந்த ஏரியை நம்பி வரும் லட்சக்கணக்கான பறவைகளுக்கும் இரை வேண்டும். இயற்கையிலிருந்து எடுக்கும் பொருளுக்கு இவ்வளவு கறாரான கணக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். விலை ஏறும்போது எரிச்சலாக இருந்தாலும், இந்தக் கணக்கு இல்லாவிட்டால் டின்னே வந்திருக்காது.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 3,500 முதல் 4,000 டன் காய்ந்த முட்டை செலவாகிறது என்று கணக்கிடுகிறார்கள். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே ஏரி தருகிறது. மீதி சைபீரியா, கஜகஸ்தான் ஏரிகள், சீனாவின் போஹாய் வளைகுடா உப்பளங்கள் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. வியட்நாமில் பண்ணைபோல வளர்த்தும் எடுக்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் மிகப் பெரும்பகுதி, யாரும் விதைக்காமல், தீனி போடாமல், தானாக விளைந்ததை வாரி எடுப்பதுதான். நெல்லுக்கு மழை பொய்த்தால் போர்வெல் போடலாம். இதற்கு அப்படி எதுவும் செய்ய முடியாது.

உப்பு கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு

கிரேட் சால்ட் லேக்கில் ஆர்ட்டீமியாவுக்குத் தோதான உப்பு சுமார் 12 முதல் 16 சதவீதம். அந்த ஏரிக்கு ஆறுகள் வந்து சேரும், வெளியே போக வழி கிடையாது. தண்ணீர் ஆவியாகி மட்டுமே குறையும், உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே மழையும் பனியும் அதிகமான வருடங்களில் உப்பு இளகும், வறண்ட வருடங்களில் ஏறும்.

இளகினால் என்ன கெட்டுப்போகிறது? உப்பு குறைந்த தண்ணீரில் முட்டைகள் சரியாக மிதக்காமல் அமிழும், வாரி எடுக்க முடியாது. உப்பைத் தாங்காமல் இதுவரை ஒதுங்கியிருந்த நீர்ப்பூச்சிகள் உள்ளே வந்து ஆர்ட்டீமியாவை வேட்டையாடும். பாசியின் வகை மாறும். 1980களின் நடுவில் ஏரி வெள்ளத்தில் பொங்கியபோதும், 1990களின் கடைசியில் எல் நினோவை ஒட்டி ஈரமான வருடங்கள் வந்தபோதும் இது நடந்தது. அந்த 1990கள் கதைதான் பழைய பொரிப்பகக்காரர்கள் இன்றைக்கும் சொல்வது. சில வருடம் தொடர்ந்து அறுவடை படுத்துவிட, ஆசியா முழுக்க இறால் பொரிப்பகங்கள் டின்னுக்கு அலைந்தன.

உப்பு ஏறினால் வேறு வம்பு. ஆர்ட்டீமியா தன் உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றவே சக்தியைச் செலவழிக்கும், வளர்ச்சி குன்றும். பாசியும் குறையும். அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறுகளை விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் திருப்பிக்கொண்டே வந்ததில், வறட்சியும் சேர்ந்து, 2022 நவம்பரில் ஏரி பதிவான வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு வந்தது. தெற்குப் பகுதியில் உப்பு 19 சதவீதம் வரை போனது. இங்கே தெற்குப் பகுதி என்று பிரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1959-ல் கட்டி முடித்த ஒரு ரயில் பாதைக் கரை ஏரியை இரண்டாக வெட்டிவிட்டது. ஆறுகள் எல்லாம் தெற்கே வந்து சேர்வதால் வடக்கே உப்பு ஏறி, தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. அங்கே ஆர்ட்டீமியா தேறுவதில்லை. 2023 தொடக்கத்தில், அந்தக் கரையில் இருக்கும் ஒரு திறப்பின் தடுப்பை 5 அடி உயர்த்தி, வடக்கின் உப்பு தெற்கே வராமல் மறித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனியும் அள்ளிக் கொட்டியதால் தெற்கு கொஞ்சம் மூச்சு விட்டது. தடுப்பு ஐந்தடி உயர்ந்தது நம் தொட்டி மீனுக்கும் சேர்த்துத்தான்.

ஈரானின் உர்மியா ஏரிக்கு அப்படி யாரும் மறித்துக் கொடுக்கவில்லை. அங்கே தனி இன ஆர்ட்டீமியாவே உண்டு. ஏரி சுருங்கி, உப்பு லிட்டருக்கு 300 கிராமைத் தாண்டியபோது அந்தக் கூட்டம் சரிந்துவிட்டது. சீனாவில் வேறு விதம்: போஹாய் கரையில் உப்பளங்கள் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்கும் போகப் போக விளைச்சல் குறைந்தது. ஆக, நல்ல இடங்கள் கூடவில்லை, இறால் பண்ணைகளோ பெருகிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவிலேயே 2009-ல் வெனாமி வந்ததற்கு அப்புறம் பொரிப்பகங்கள் எத்தனை மடங்கு ஆனது என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்.

பற்றாக்குறை என்ற பேச்சு இதற்கு முன்னாலும் வந்திருக்கிறது. 1970களின் நடுவில் முதல் பெரிய தட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது, ஆர்ட்டீமியாவை நம்பிப் பொரிப்பகத் தொழிலே நடத்த முடியாது என்று பலர் எழுதிவிட்டார்கள். 1976-ல் கியோட்டோவில் நடந்த மீன்வளர்ப்பு மாநாட்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிக் சோர்கெலூஸ் அதை மறுத்தார்: உலகில் ஆர்ட்டீமியா வாழும் இடங்கள் எத்தனையோ இருக்க, ஓரிரண்டு இடத்தில் மட்டும் வாரிவிட்டு இல்லை என்கிறோம், இல்லாத இடத்தில் விதைக்கவும் முடியும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே பிரேசிலின் மக்காவ் என்ற ஊர் உப்பளத்தில் சான் பிரான்சிஸ்கோ முட்டை 250 கிராம் விதைத்தார்கள். அது பெருகி, காற்றிலும் பறவை காலிலும் சுற்றுவட்டார உப்பளங்களுக்கெல்லாம் பரவியது. 1978-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்ட்டீமியாவுக்கென்றே ஓர் ஆய்வு மையம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஐம்பது வருடம் ஆகப்போகிறது, டன் கணக்கில் வருவது இன்னும் அதே சில ஏரிகளிலிருந்துதான்.

தூத்துக்குடி இருக்கும்போது யூட்டா எதற்கு?

இதை யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நாம்தான். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம், கேளம்பாக்கம் உப்பளங்களில் ஆர்ட்டீமியா இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் இருப்பது ஒரு விசித்திரமான இனம்: எல்லாமே பெண், ஆண் இல்லாமலே பெருகும். உப்புக்கும் அது நல்லது, பாத்தியில் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும்.

சரி, இருந்தும் ஏன் எடுக்கவில்லை? நம் பாத்திகள் ஆழமே இல்லாதவை; உப்பு சீக்கிரம் விளைய வேண்டும் என்று கட்டியவை. கோடையில் அந்தத் தண்ணீர் கொதிக்கிறது, ஆர்ட்டீமியா தாங்காது. ஆழப்படுத்தினால் உப்பு விளைய நாளாகும், உப்பளக்காரர் ஒத்துக்கொள்வாரா? வருடா வருடம் வடகிழக்குப் பருவமழை வந்து உப்பைக் கரைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும். அந்தப் பெண் இனத்தின் முட்டையும் கொஞ்சம் பெரிய ரகம். குஞ்சு வாய்க்குச் சின்னதுதான் வசதி. மத்திய அரசின் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆர்ட்டீமியா வளர்ப்பில் இறங்கியிருக்கிறது, வியட்நாமில் வின் சாவ் உப்பளங்களில் செய்துகாட்டிய வழி ஒன்றும் இருக்கிறது. உப்பு விளையாத மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு ஒரு வருமானம் என்ற வகையிலாவது இது பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நாளைக்கே உங்கள் பாக்கெட் விலை இதனால் இறங்கிவிடாது.

எடை அல்ல, பொரிப்பு

பற்றாக்குறை என்றதும் டன் கணக்கைப் பார்ப்போம். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஏரியிலிருந்து வரும் பையில் முட்டையோடு வெறும் ஓடு, செத்த ஆர்ட்டீமியா, மணல், பறவை இறகு எல்லாம் இருக்கும். அதை உப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு முறை பிரித்து, பதமாகக் காயவைத்து, காற்றை எடுத்து டின்னில் அடைக்கிறார்கள். இடையில் கருவின் உறக்கத்தையும் கலைக்க வேண்டும், அதற்குக் குளிரில் வைத்திருப்பது போன்ற முறைகள் உண்டு. ஏரியில் கூட்டம் திணறிய வருடத்தில் டன் குறையாமலே வரலாம், பொரிக்கும் சதவீதம் விழுந்திருக்கும்.

ஒரு கிராமில் சுமார் இரண்டரை லட்சம் முட்டை. 90 சதவீதம் பொரித்தால் இரண்டேகால் லட்சம் குஞ்சு, 50 சதவீதம் என்றால் ஒன்றேகால் லட்சம். போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டார்: "அண்ணா, தொண்ணூறு பர்சென்ட் பாக்கெட் நூறு ரூபாய்னா, அம்பது பர்சென்ட் அறுபதுக்குத் தர்றாங்க. அதை வாங்கிடவா?"

"வகுத்துப் பாருங்க தம்பி," என்றேன். "அறுபதைப் பாதியால வகுத்தா நூத்திஇருபது வருது. நூறை தொண்ணூறு பர்சென்ட்டால வகுத்தா நூத்திப்பதினொன்னு."

காசு ஒரு பக்கம். பொரிக்காத மீதி முட்டைகள் எங்கே போகும்? குஞ்சோடு சேர்ந்து தொட்டிக்குள் போகும். சின்ன மீன் அதை விழுங்கினால் செரிக்காது, குடலை அடைக்கும். ஓட்டில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் கூடவே போகும்; இறால் பொரிப்பகங்கள் விப்ரியோ என்ற நோய்க்கிருமியின் பெயரைக் கேட்டாலே பயப்படும். முட்டையில் இரும்புத் துகள் பூசி, பொரித்ததும் காந்தத்தை வைத்து ஓட்டைப் பிரித்தெடுக்கும் முறையெல்லாம் வந்தது இந்தத் தொல்லைக்காகத்தான்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதத்தை நம்பாமல் நீங்களே பார்க்கலாம். பொரித்த தண்ணீரை நன்றாகக் கலக்கி ஒரு டிராப்பரில் எடுத்து வெள்ளைத் தட்டில் சில சொட்டு விடுங்கள். லென்ஸ் வைத்து, ஓடுகிற குஞ்சுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பழுப்பு ஓடெல்லாம் கரைந்துவிடும். பொரிக்காமல் நின்ற கருக்கள் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தனித்துத் தெரியும். குஞ்சும் புள்ளியும் எத்தனைக்கு எத்தனை என்பதுதான் உங்கள் பாக்கெட்டின் உண்மையான தரம்.

மலையில் பொரிக்கிறவர்களுக்கு

சில நேரம் பாக்கெட் நல்லதாகவே இருக்கும், நம் ஊர்தான் அதைக் கெடுக்கும். ஆர்ட்டீமியா பொரிக்க 26 முதல் 28 டிகிரி வேண்டும். டிசம்பரில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹீட்டர் இல்லாத அறையில் பாட்டில் வைத்தால் நாள் கடந்தும் ஒன்றும் நடக்காது. இருபது டிகிரியில்கூட இரண்டு நாள் இழுக்கும். இழுப்பதைவிட மோசம், எல்லாம் ஒன்றாகப் பொரிக்காது. முதலில் வந்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்கும்போது தன் மஞ்சள்கருவைத் தானே எரித்துத் தீர்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாளில் சக்தியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பாட்டிலை, ஹீட்டர் போட்ட மீன் தொட்டிக்குள்ளேயே மிதக்க விடுவது எளிய வழி. மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் முட்டை போடவே வேண்டாம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். நம் ஓடைத் தண்ணீர் மென்மையானது, பிஎச் தாழ்வாக இருக்கும். ஆர்ட்டீமியாவுக்கு 8-க்கு மேல் வேண்டும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்போடு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். காற்றையும் தாராளமாக விடுங்கள். உதகை கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே வெப்பத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் முட்டை போடக்கூடாது என்பது சமவெளிக் கணக்கு, இங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலே ஒரு விளக்கு எரியட்டும், முட்டை விழிக்க வெளிச்சமும் வேண்டும்.

இனி ஈரம். முட்டையில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். பொரிக்கும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்காது, தூங்கவும் முடியாது, சேமிப்பைத் தின்றே செத்துவிடும். ஜூலை மாதக் குன்னூரில் உப்பு ஜாடி தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சமையலறையில் 425 கிராம் டின்னைத் திறந்துவைத்தால் என்ன ஆகும்? நல்ல முட்டை கரண்டியில் எடுத்தால் மணலாக உதிரும். கரண்டியில் அப்பிக்கொண்டு, விரலால் தேய்த்தால் கட்டியாக வந்தால் அந்தச் சரக்கு முடிந்தது. டின்னிலிருந்து பிரித்துச் சின்னக் கவரில் போட்டு விற்பதை மழைக்காலத்தில் வாங்காதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டின் வாங்கி, வெயில் அடிக்கும் நாளில் திறந்து, சின்னச் சின்ன பாட்டிலில் இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பனித்துவிடும்.

தட்டுப்பாடு வரும் வருடத்தில் சிக்கனமும் பழக வேண்டியதுதான். பொரித்த குஞ்சை ஒரே வேளைக்குக் கொட்டாமல், வடித்துப் புது உப்புத் தண்ணீரில் ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் வளர்ச்சி நின்றுபோய் அடுத்த நாளுக்கும் ஆகும். ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் நாட்களில் இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர், பிறகு மைக்ரோ வோர்ம் என்கிற பொடிப்புழு என்று கொடுத்து ஆர்ட்டீமியா நாட்களைக் குறைக்கலாம். கப்பி வளர்ப்பவர்கள் முதல் பத்து நாளோடு நிறுத்திவிட்டு மொய்னா என்கிற குட்டி நீர் உயிருக்கு மாறலாம், ஆனால் மொய்னாவும் குளிரில் மெதுவாகத்தான் பெருகும். ஏஞ்சலுக்கு மட்டும் மாற்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முட்டை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஜோடி சேர விடுங்கள். யூட்டாவில் அறுவடை முடிந்து, காய்ந்து, பொரிப்பு சோதித்து, கப்பலேறி நம் கடைக்கு வந்துசேர மாதங்கள் பிடிக்கும். அக்டோபரில் ஏரி எப்படி இருக்கிறது என்ற செய்தி கண்ணில் பட்டால், அடுத்த வருடத்துக்கு எத்தனை ஜோடி வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.